பாதி சுருட்டிய பந்தல்

அந்த நிறுவனத்தின் பொருட்பதிவேட்டில் பதினான்காம் பக்கத்தைத் திறந்தால், ‘துடைப்பம் – 6’ என்ற வரிக்கும் ‘பிளாஸ்டிக் வாளி – 9’ என்ற வரிக்கும் நடுவில் ‘பந்தல் ஆள் – 1’ என்று எழுதியிருக்கும். அந்த ஒன்று, நாற்பத்தாறு வயதான ஒரு பெண்.

ஒன்பது வருடமாக வேலைக்கு வருகிறாள். வருகைப் பதிவேட்டில் எழுதப் பதவி வேண்டும்; பதவிப் பட்டியலில் பந்தல் என்ற சொல்லே கிடையாது. ஆனால் ஆள் தினமும் வருகிறாளே, எங்காவது எழுதித்தானே ஆக வேண்டும்? எழுத்தர் மூளையைக் கசக்கி இந்த வழியைக் கண்டுபிடித்தார். வருடத்துக்கு ஒருமுறை பொருட்களைச் சரிபார்க்கும்போது துடைப்பங்களை எண்ணுவார், அவளைப் பார்த்துத் தலையாட்டுவார், பிறகு வாளிகளுக்குப் போவார்.

எல்லோரும் அவளைப் பந்தலக்கா என்றார்கள்.

படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் கேரவன் வண்டிகள் பதினொன்றை வாடகைக்கு விடும் நிறுவனம் அது. ஒவ்வொரு வண்டியின் பக்கவாட்டிலும், கூரை ஓரத்தில், நீளமான ஓர் உருளை இருக்கும். அதிலிருந்து கெட்டித் துணி ஒன்றை வெளியே இழுத்து, இரண்டு கால்களை ஊன்றினால், வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பந்தல் நிற்கும். அந்தத் துணியின் மேல் ஆறு சூரியப் பட்டைகள் நீளவாக்கில் பதிந்திருக்கும். கீழே நிழல், மேலே மின்சாரம். பயணிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குளிர்ந்த பழச்சாறு குடித்தபடி, இயற்கையோடு இணைந்து வாழ்வதாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அந்த இயற்கையின் மேல் பறவை போட்ட எச்சத்தைக் காலை ஆறு மணிக்குத் துடைத்தவள் யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஆறு மணிக்கு ஏன் என்றால், வெயில் ஏறிச் சூடான பட்டையில் தண்ணீர் பட்டால் அதன் மேல்பூச்சு வெடிக்கும். துடைத்ததை அப்படியே சுருட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். காயவைத்துத்தான் சுருட்ட வேண்டும். உருளைக்குள் நுழையும் இடத்தில் கம்பி முறுக்கிக்கொள்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மழை வந்தால் தண்ணீர் தேங்காமல் வழிய, ஒரு காலை நான்கு விரல் இறக்கி வைக்க வேண்டும். இதெல்லாம் எந்தக் கையேட்டில் இருக்கிறது என்று கேட்டால், பந்தல் பெட்டியோடு வந்த கையேட்டில்தான் இருக்கிறது. அந்த நிறுவனத்தில் அதைப் பிரித்துப் படித்த ஒரே ஆள் அவள்.

அவள் அங்கே வந்து சேர்ந்தது ஒரு கிழிசலால். கணவர் வண்டி இருக்கைகளுக்கு உறை தைப்பவர். அவளும் இன்னொரு தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அந்த நிறுவனத்தின் பொறியாளரும் இன்னும் இரண்டு பேரும் ஒரு பந்தல் துணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி மேலெல்லாம் ஒட்டுநாடா. அவள் அதை உரித்துப் போட்டு, பட்டையில் ஊசி படாமல் ஓரத்தைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது, “தையல் பிரிஞ்சதால கரன்ட் நிக்கலீங்க, உள்ள கம்பி தேஞ்சிருக்கு” என்றாள். பொறியாளர் சிரித்தார். மறுநாள் உருளையைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினார். அடுத்த வாரம் அவளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். “தற்காலிகம்தான், ஆறு மாசத்துல நிரந்தரம் பண்ணிடலாம்” என்றார் முதலாளி. அந்த ஆறு மாதம் ஒன்பது வருடமாக நடந்துகொண்டிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நான்காம் வண்டியில் வேலை செய்யும்போது ஏணி வழுக்கியது. விழுந்ததில் வலது தோள் பிசகியது. நிறுவனம் உடனே விசாரணை நடத்தியது. ஏணியின் ஒரு கால் வளைந்திருப்பதைக் கண்டுபிடித்து, இரண்டே நாளில் அதைச் சரி செய்தது. தோளுக்கு என்ன வழி என்று அவள் கேட்டபோது, மருத்துவ அட்டை பதவியில் இருப்பவர்களுக்குத்தான் என்றார் எழுத்தர். ‘பொருள்தானே, உத்தரவாத அட்டை இருந்தால் கொண்டு வா’ என்று அவர் சொல்லாததுதான் பாக்கி. மூன்று மாதம் கையைத் துணியால் கழுத்தில் கட்டிக்கொண்டு, இடது கையால் துடைத்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசை. ஒரு கடிதம். அதில் அவள் செய்யும் வேலை எழுதியிருக்க வேண்டும். அடுத்த முறை ஏணி வழுக்கினால் அதைக் காட்டி மருத்துவமனைக்குள் நுழைய வேண்டும்.

“என்ன அண்ணி, லெட்டர் வந்துடுச்சா?” இது அவளுடைய நாத்தனார், தினமும் சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டே கேட்பது. செல்போன் கடையில் வேலை பார்ப்பவள். அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள்.

“வரும் வரும்.”

“தபால்காரர் நடந்தே உலகத்தைச் சுத்திட்டு வராரு போல.”

“உனக்கு வாய் மட்டும் பர்மனென்ட்.”

“அதுக்கும் லெட்டர் கிடையாது அண்ணி. சொந்த உழைப்பு.”

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, ஆற்றல் ஆலோசகர் வந்து சேரும்வரை.

அவர் முன்பு தண்ணீர் வடிகட்டி விற்றவர். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு இருக்கிறது என்று சொல்லி விற்றார், அது உண்மையும்கூட. உண்மையில் லாபம் குறைவு என்று புரிந்ததும், காற்றில் கண்ணுக்குத் தெரியாத ஆற்றல் இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு, சாந்தமான குரல். வண்டிகளைச் சுற்றி ஒரு முறை நடந்தார். ஏழாம் வண்டியின் முன்னால் நின்று கண்ணை மூடினார். அது புதிய வண்டி. சுற்றுலாத் துறை அதிகாரிகளும் பயண முகவர்களும் அந்த மாதக் கடைசியில் பார்க்க வரப்போகும் வண்டி. எஞ்சினைப் போடாமல், பந்தல் மின்சாரத்தில் மட்டும், காலை பத்திலிருந்து மாலை நான்குவரை குளிர்பெட்டி, மின்விசிறி, விளக்கு எல்லாம் ஓடுவதைக் காட்டுவதாக முதலாளி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

“எனர்ஜி இருக்கு சார்” என்றார் ஆலோசகர். “ஆனா ஓட்டம் இல்ல.”

“ஓட்டத்துக்குத்தானே சார் வண்டி வாங்கினது?” என்றார் முதலாளி, கலங்கிப்போய்.

“அந்த ஓட்டம் இல்ல. உள் ஓட்டம்.”

உள் ஓட்டத்துக்கு மருந்து ஆலோசகரின் பையிலேயே இருந்தது. பித்தளை நிறத்தில், சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவுக்கு ஒரு வட்டு. மேலே சுருள் சுருளாகக் கோடு. பந்தலில் ஆறு பட்டை, ஆகவே ஆறு வட்டு. ஒவ்வொன்றையும் பட்டையின் நட்டநடுவில் ஒட்டினார். போகிறபோக்கில் பந்தலைச் சுருட்டும் மோட்டாரையும் கழற்றச் சொன்னார். மோட்டார் எதிர் அலைகளை வீசுகிறதாம். கையால்தான் சுருட்ட வேண்டுமாம். யாருடைய கை என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பந்தலக்கா துடைத்து முடித்து, வெயில் ஏறியதும் மீட்டரை வைத்தாள். முந்தின நாள் பதினெட்டு ஆம்பியர் காட்டிய பந்தல் ஆறு காட்டியது. மீட்டரைத் தட்டிப் பார்த்தாள். மறுபடி ஆறு. வட்டுகளைப் பார்த்தாள். பொறியாளரிடம் போனாள்.

பொறியாளர் முதலாளியின் தங்கை மகன். அறைக் கதவில் ‘பந்தல் தொழில்நுட்ப மேலாளர்’ என்ற பலகை. பதவிப் பட்டியலில் இல்லாத பந்தல் அந்தப் பலகையில் எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. தங்கை மகன்களுக்குப் பட்டியல் தானாக நீளும்.

“தம்பி, ஒரு பட்டைங்கறது வரிசையா நின்னு செங்கல் கைமாத்துற ஆளுங்க மாதிரி. நடுவுல ஒருத்தன் கையக் கட்டிக்கிட்டு நின்னா, பின்னாடி இருக்கறவன் கல்லு எங்க போகும்? அந்த வட்டோட நிழல்தான் அந்த ஒருத்தன்.”

“தெரியும்கா. இதுக்குத்தான் நிழல் இழப்புன்னு பேரு. காலேஜ்ல ஒரு பாடமே இருந்துச்சு.”

“அப்போ போய்ச் சொல்லுங்க.”

“யாருகிட்ட?”

“முதலாளிகிட்ட.”

பொறியாளர் கணினித் திரையைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. “மாமாகிட்ட நேரம் பார்த்துத்தான் பேசணும்கா” என்றார். நான்கு வருடம் படித்த படிப்பு, மாமாவின் முகம் ஞாபகம் வந்ததும் வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்தது.

அவளே போய்ச் சொன்னாள். முதலாளி ஒரு காதால் கேட்டார். இன்னொரு காதில் போன் இருந்தது. “ஏம்மா, இத்தனை வருஷம் துடைக்கற, துடை. வட்டுல கை வைக்காத” என்றார்.

இரண்டு நாள் கழித்து ஒத்திகை. பத்து மணிக்கு எல்லாவற்றையும் ஓடவிட்டார்கள். ஒன்று நாற்பதுக்கு மின்விசிறி முனகி நின்றது. குளிர்பெட்டியில் இருந்த பழச்சாறு, யாரும் கேட்காமலேயே வெதுவெதுப்பானது. முதலாளியின் முகம் சிவந்தது. ஆலோசகரை வரவழைத்தார்கள். அவர் பந்தலின் கீழே நின்று மூக்கை உயர்த்தி முகர்ந்தார்.

“இத யார் தொடறாங்க?”

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

“அதான்” என்றார் ஆலோசகர், பரிதாபப்படுகிற குரலில். “தப்பா எடுத்துக்காதம்மா. சில பேருக்குக் கைராசி இருக்காது. வட்டு நம்பிக்கையில வேலை செய்யற பொருள். நம்பாத கை பட்டா, வட்டு கோவிச்சுக்கும்.”

“மின்சாரம் கூடவா கோவிச்சுக்கும்?” என்றாள் அவள்.

“பாருங்க சார், பாருங்க. இந்தக் கேள்விலயே எவ்ளோ எதிர் அலை!”

முதலாளி அங்கேயே உத்தரவிட்டார்: அவளுக்கு மெமோ கொடு. இங்கேதான் எழுத்தருக்கு வாழ்க்கையின் மிகப் பெரிய சோதனை வந்தது. மெமோ என்றால் பெயர், பதவி இரண்டும் வேண்டும். பொருட்பதிவேட்டில் இருக்கும் ஒன்றுக்கு மெமோ கொடுக்க முடியுமா? வாளிக்குக் கொடுத்த முன்னுதாரணம் எதுவும் கோப்பில் இல்லை. மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து யோசித்து, கடைசியில், ‘பந்தல் ஆள் (பக்கம் 14) கவனத்துக்கு’ என்று தலைப்பிட்டு எழுதினார். ஆற்றல் ஓட்டத்தைக் குலைத்ததற்கு ஒரு நாளில் விளக்கம் தர வேண்டும். விருந்தினர் வரும் நாளில் பந்தல் நின்றால், மறுநாளிலிருந்து வர வேண்டாம்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். “ஒம்பது வருஷத்துல எனக்கு வந்த மொதல் லெட்டர்ணே இது.”

எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். “என்னத்தம்மா பண்றது. சொன்னதத்தான் டைப் அடிக்கறேன்.”

“சொல்லாதத எப்ப அடிப்பீங்க?”

அன்று சாயங்காலம் நாத்தனார் கதவைத் திறந்துகொண்டே கேட்ட கேள்விக்கு, “வந்துடுச்சு” என்று பதில் கிடைத்தது. அவள் மெமோவை வாங்கிப் படித்தாள். முதல்முறையாக வாயில் கிண்டல் வரவில்லை. கணவர் தையல் இயந்திரத்தை நிறுத்தினார்.

“விட்டுடு” என்றார். “இங்க ரெண்டு பேரா உக்காந்து தைப்போம்.”

“தைக்கலாம். ஆனா கைராசி இல்லைன்னு அனுப்பினாங்கன்னு ஊர்ல பேச்சு வந்தா, நம்ம உறையத் தொடறவனும் யோசிப்பான்.”

“அப்போ விளக்கம் எழுதணுமே அண்ணி” என்றாள் நாத்தனார். “நான் வேணா நல்ல வார்த்தையா போட்டு எழுதித் தரட்டா?”

“வேண்டாம். உன் டிபன் பாக்ஸ் மூடிய மட்டும் குடு.”

மறுநாள் பன்னிரண்டு மணி வெயிலில், முதலாளி, ஆலோசகர், பொறியாளர், எழுத்தர் நான்கு பேரையும் ஐந்தாம் வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தாள். வட்டு ஒட்டாத வண்டி அது. ஒரே ஒரு பட்டையின் கம்பியைப் பிரித்து மீட்டரில் மாட்டினாள். மூன்று ஆம்பியர் காட்டியது. முதலாளியிடம் மூடியை நீட்டினாள்.

“இத அந்தப் பட்டை மேல வைங்க சார்.”

“நானா? நீயே வையேம்மா.”

“என் கைலதான் ராசி இல்லையே. உங்க கையாலயே வைங்க.”

முதலாளி ஏணியில் இரண்டு படி ஏறி வைத்தார். மீட்டர் ஒன்றுக்கும் கீழே விழுந்தது. எடுத்தார், மூன்று. வைத்தார், ஒன்றுக்குக் கீழே. அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. சுவிட்சைக் கண்டுபிடித்த குழந்தை மாதிரி ஏழெட்டு முறை வைத்து வைத்து எடுத்தார். பிறகு ஏழாம் வண்டியின் ஆறு வட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சைக்கிள் ஓட்டத் தெரியாதவன் இறக்கத்தில் போவதைப் போல, அவருக்குள் ஒரு சிந்தனை தானாகவே நகர்ந்து போவது முகத்தில் தெரிந்தது.

இன்னும் ஒரு கணம் கிடைத்திருந்தால் போதும். உண்மை உள்ளே நுழைந்து உட்கார்ந்திருக்கும். ஆலோசகர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“புரிஞ்சுதா சார் வட்டோட பவர்?” என்று கூவினார். “சூரியன்லேர்ந்து வர்றத மொத்தமா அதுவே குடிச்சிடுது! அவ்வளவு இழுவை! நான் இவ்வளவு எதிர்பார்க்கலை. இத வெளிய வைக்கக் கூடாது. வண்டிக்குள்ள, சுவத்துல இருக்கணும். அங்கேர்ந்து இழுக்கட்டும்.”

“மூடியும் குடிச்சுதே சார்?” என்றாள் பந்தலக்கா. “அது என் நாத்தனார் சோறு கொண்டு போற பாத்திரத்து மூடி.”

“எந்த உலோகத்துலயும் கொஞ்சம் இருக்கும்மா” என்றார் ஆலோசகர், பெருந்தன்மையாக.

வட்டுகளை உரித்து எடுக்கும் வேலை அவளுக்கே வந்தது. பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து எடுக்க அரை நாள் ஆயிற்று. வட்டுகள் வண்டிக்குள் வரிசையாகச் சுவரேறின. மறுநாள் பந்தல் பதினெட்டு ஆம்பியர் காட்டியது. ஆலோசகர் மீட்டரைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். முதலாளி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பொறியாளர் கைதட்டினார். நிழல் இழப்புப் பாடத்தில் அவர் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாரோ தெரியாது.

மெமோ என்ன ஆனது என்று அவள் எழுத்தரிடம் கேட்டாள். திரும்பப் பெறுவதற்கு வழி இல்லை என்றும், ஆனால் நல்ல செய்தி வரப்போகிறது என்றும் அவர் காதோடு சொன்னார்.

நல்ல செய்தி, விருந்தினர் வந்த நாளில் வந்தது.

பந்தல் அன்று பத்து மணியிலிருந்து ஓடியது. இருபது பேர் அதன் நிழலில் உட்கார்ந்து, குளிர்ந்த பழச்சாறு குடித்து, வண்டிக்குள் ஏறி வட்டுகளைத் தொட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேர் தங்கள் வீட்டுக்கும் வேண்டும் என்று ஆலோசகரிடம் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மணிக்கு முதலாளி ஒலிபெருக்கியைப் பிடித்தார். நிறுவனத்தில் ஒரு புதிய பதவி உருவாக்கியிருப்பதாகச் சொன்னார். ஆலோசகரின் யோசனைப்படி, வட்டுகளை ஒரே ஒரு ஆள் மட்டுமே தொட வேண்டும். அந்த ஆள் மன நிறைவோடு இருக்க வேண்டும். மன நிறைவுக்கு நிரந்தரப் பதவி நல்லது. கைதட்டலுக்கு நடுவே உறையை அவள் கையில் கொடுத்தார்.

ஒன்பது வருடம் காத்திருந்த உறை. அங்கேயே பிரித்துப் படித்தாள்.

பதவி: ஆற்றல் வட்டுக் காப்பாளர். கடமை: வண்டிக்குள் உள்ள ஆறு வட்டுகளைக் காலையும் மாலையும் உலர்ந்த துணியால் துடைத்தல். அவ்வளவுதான். பந்தல் என்ற சொல் இல்லை. ஏணி என்ற சொல் இல்லை.

எழுத்தரின் மேசைக்குப் போனாள். “அண்ணே, நாளைக்கும் பந்தல நான்தானே துடைக்கணும்?”

“பின்ன யாரு?”

“ஏணிலேர்ந்து விழுந்தா?”

எழுத்தர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வட்டு வண்டிக்குள்ளதானே இருக்கு... ஏணிய எதுக்கு ஏறினீங்கன்னு கேப்பாங்க.”

“அப்போ இதுல பந்தல்னு சேத்துக் குடுங்க.”

“சார் சொல்லாம ஒரு எழுத்து சேக்க முடியாதும்மா.”

“சாரக் கேளுங்க.”

எழுத்தர் அவளையும் கூட்டிக்கொண்டு போய் முதலாளியின் காதோடு கேட்டார். முதலாளி விருந்தினர்களைப் பார்த்து ஒரு முறை சிரித்தார். அவள் பக்கம் திரும்பி, “கெடச்சத வச்சுக்கம்மா, ஆசைக்கு அளவு வேணும்” என்றார்.

அப்போதுதான் காற்று மாறியது. முதலில் காகிதக் கோப்பைகள் உருண்டன. பிறகு ஒரு பெண்ணின் துப்பட்டா பறந்து பயண முகவர் ஒருவரின் முகத்தில் ஒட்டியது. தெருக்கோடியில் புழுதி சுவர் மாதிரி எழுந்து வந்தது. அலுவலகத்தில் விளக்கு இரண்டு முறை சிமிட்டி அணைந்தது; மின்வெட்டு. ஏழாம் வண்டியின் பந்தல் ஒரு முறை மேலே உப்பி, படார் என்று இறங்கியது. விருந்தினர்கள் நாற்காலிகளை விட்டுவிட்டு அலுவலகத் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள்.

“சுருட்டுங்க! சுருட்டுங்க!” என்று கத்தினார் முதலாளி.

பொறியாளர் ஓடிப்போய் மோட்டார் பொத்தானை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். மோட்டார் கழற்றப்பட்டு எட்டு நாள் ஆகிறது என்பது அவருக்கு மெதுவாக ஞாபகம் வந்தது. ஆலோசகரை எல்லோரும் தேடினார்கள். அவர் தன் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள் ஓட்டம் அங்கே நன்றாக இருந்திருக்கும்.

பந்தலக்கா கைப்பிடியை மாட்டிச் சுற்ற ஆரம்பித்தாள். தோள் வலித்தது. துணி கோணாமல், இரண்டு கால்களையும் மாறி மாறித் தளர்த்தி, பாதிவரை சுருட்டினாள். பிறகு கால்களை முழங்கால் உயரத்துக்கு இறக்கினாள். நீளமான ஒரு வாரை எடுத்து, பந்தலைத் தரையாணியோடு இறுக்கிக் கட்டினாள். கைப்பிடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டிப் படியில் உட்கார்ந்தாள்.

போன வருடம் மூன்றாம் வண்டியின் கைப்பிடி பாதியில் உடைந்தபோதும் இப்படித்தான் கட்டிவிட்டுப் போனாள். அன்று அடித்த காற்றில் அலுவலகத் தகரக் கூரை பறந்து அடுத்த தெருவில் விழுந்தது, பந்தல் அசையவில்லை. முதலாளி ஒரு மாதம் கூரையைப் பற்றிப் பேசினார். பறக்காத பந்தலைப் பற்றி யாரும் பேசவில்லை. அதனால் பாதி சுருட்டிக் கட்டிய பந்தல் இதைவிட இரண்டு பங்கு காற்றைத் தாங்கும் என்பது அங்கே ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

“ஏன் நிறுத்திட்ட?” முதலாளி தலைமுடி பறக்க ஓடி வந்தார். “கிழிஞ்சுடப் போவுது! சுத்து!”

அவள் கடிதத்தை நீட்டினாள். “இதுல வட்டு துடைக்கறதுன்னுதான் போட்டிருக்கு சார். ஆறையும் துடைச்சுட்டேன். பளபளன்னு இருக்கு, உள்ள வந்து பாருங்க.”

“இது விளையாடற நேரமா?”

“நான் எங்க சார் விளையாடறேன்? என் வேலை இல்லாததுல கை வச்சா, இன்னொரு மெமோ வரும். என் கைராசி வேற உங்களுக்குத் தெரியும்.”

அந்த நேரம் பார்த்துப் பந்தல் நன்றாகப் படபடத்தது. அது வார் இழுபடும் சத்தம்தான். ஆனால் முதலாளியின் காதுக்கு அது கிழிகிற சத்தம். தாழ்வாரத்தில் இருபது பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னதான் வேணும் உனக்கு?”

“பந்தல் பராமரிப்பாளர்னு ஒரு லெட்டர். ஏணி வேலை உட்படன்னு ஒரு வரி.”

“நாளைக்குத் தரேன்!”

“ஆறு மாசத்துல தரேன்னும் சொன்னீங்க சார்.”

முதலாளி எழுத்தரைப் பார்த்து, அடி, உடனே அடி என்று கத்தினார். எழுத்தர் கையைப் பிசைந்தார். “கரன்ட் இல்லையே சார். பிரின்டர் ஓடாது.”

“வண்டில இருக்கு” என்றாள் பந்தலக்கா. “காலைலேர்ந்து பந்தல் ஏத்தின கரன்ட், பேட்டரில தளும்பத் தளும்ப இருக்கு. எடுத்துட்டு வாங்க.”

பொறியாளர்தான் சின்ன பிரின்டரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு புழுதிக்குள் ஓடி வந்தார். எட்டு நாளில் அவர் செய்த முதல் உருப்படியான வேலை அது. எழுத்தர் வண்டிக்குள் உட்கார்ந்து மடிக்கணினியில் தட்டினார். ஆறு வட்டுகளும் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்பது வருடம் முடியாத கடிதம் மூன்று நிமிடத்தில் முடிந்தது. எழுத்தர் கேட்காமலேயே ‘முந்தைய மெமோ ரத்து செய்யப்படுகிறது’ என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தார். யாரும் சொல்லாததை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாக அடித்தார்.

முதலாளி படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவள் படித்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, விரல் வைத்து. ‘ஏணி’ என்ற சொல் வந்த இடத்தில் விரல் ஒரு நொடி நின்றது.

“முடிஞ்சுதா? இப்பவாவது சுத்துவியா?”

“முத்திரை சார்.”

எழுத்தர் சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார். அவள் கடிதத்தை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். வாரை அவிழ்த்து, மீதிப் பாதியை நிதானமாகச் சுருட்டி, கொக்கியைப் போட்டுப் பூட்டினாள். துணியில் ஒரு இழைகூடப் பிரியவில்லை. கால் மணி நேரத்தில் காற்றும் ஓய்ந்தது. ஆலோசகர் காரிலிருந்து இறங்கி, வட்டுகள் உள்ளே இருந்ததால்தான் பந்தல் தப்பியது என்று விருந்தினர்களிடம் விளக்கினார். இன்னும் மூன்று பேர் எழுதிக் கொடுத்தார்கள்.

அன்று நாத்தனார் கதவைத் திறக்கும்போது, கடிதம் தையல் இயந்திரத்தின் மேல் விரிந்து கிடந்தது. அவள் படித்துவிட்டு, “இனிமே தினமும் என்னத்தக் கேக்கறது அண்ணி, பேச்சே இல்லாம போச்சே” என்றாள். பிறகு மூடியைத் திருப்பிக் கேட்டாள்.

மறுநாள் காலை எழுத்தர் வருகைப் பதிவேட்டில் புதிய வரி போட்டு அவள் பெயரை எழுதினார். அத்தோடு முடிந்ததென்று அவள் துணியும் வாளியுமாகக் கிளம்பினாள். அவர் கூப்பிட்டார். பொருட்பதிவேட்டின் பதினான்காம் பக்கம் திறந்திருந்தது.

“பந்தலக்கா, ஒரு சிக்கல். இங்க ஒண்ணு குறையுது. குறைஞ்சா காரணம் எழுதணும். மூணே மூணுதான் இருக்கு. உடைஞ்சது, வித்தது, தொலைஞ்சது.”

“ஆளா மாறினதுன்னு எழுத இடம் இல்லையா?”

“அப்படி ஒரு கட்டமே இல்லம்மா.”

“அப்போ தொலைஞ்சதுன்னே போட்டுக்கோங்கண்ணே” என்றாள் அவள். “ஆனா தேடாதீங்க.”

மணி ஆறேகால் ஆகியிருந்தது. வெயில் ஏறுவதற்குள் பதினொரு பந்தலையும் துடைத்தாக வேண்டும். அவள் ஏணியை எடுத்து, நிமிர்த்திச் சரி செய்திருந்த அதன் காலை ஒரு முறை உதைத்துப் பார்த்துவிட்டு, முதல் வண்டியில் சாத்தினாள்.